சந்தேகம் வந்த அன்றைக்கே தனி லாயம்

குதிரைக்கு நோய் வந்திருப்பதை முதலில் காட்டிக்கொடுப்பது தெர்மாமீட்டர்தான். சளி, இருமல், வீக்கம் எல்லாம் அதற்குப் பின்னால் சாவகாசமாக வரும். வளர்ந்த குதிரையின் இயல்பான உடல் சூடு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஓய்வாக நிற்கும்போது 38.5-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஓடி வந்தவுடனோ வெயிலில் நின்றபோதோ பார்த்தால் எண் ஏமாற்றும்.

எங்கள் லாயத்துக்கு ஒரே வண்டியில் மூன்று குதிரைகள் வந்து சேர்ந்தன. புதிதாக வருபவற்றைக் கொஞ்ச நாள் ஓரத்துக் கொட்டகையில் வைப்பது எங்கள் வழக்கம். வந்து ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மூன்றில் ஒரு பெட்டைக் குதிரை காலைத் தீனியை முகர்ந்துவிட்டு விலகிப் போய் நின்றது. எடுத்துப் பார்த்தால் 39.6. மூக்கு சுத்தமாக இருந்தது, இருமல் இல்லை. தாடைக்கு அடியில் கை வைத்தபோது மட்டும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“ஒரு நாள் பார்க்கலாமே, பயணக் களைப்பாக இருக்கும்” என்று அங்கே இருந்த இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை, நெடுந்தூரப் பயணம் போய் வந்த குதிரைக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வருவது உண்டு. ஆனால் களைப்பு என்று நினைத்துத் தனியே வைத்த குதிரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. களைப்பு என்று நினைத்து மற்றவற்றோடு விட்ட குதிரை தொற்றோடு இருந்தால் லாயம் முழுக்கப் படுத்துவிடும். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, அவர் வருவதற்குள்ளேயே பெட்டையைத் தள்ளி இருந்த பழைய சாமான் அறைக்கு மாற்றினோம். அறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை, நல்ல காற்றோட்டம், கழுவிவிடக்கூடிய தரை, தனி வாசல். இந்த நான்கும் இருந்தால் போதும்.

வந்த டாக்டர் சந்தேகப்பட்டது ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோயை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி என்ற பாக்டீரியாவால் வருவது. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 3 முதல் 14 நாள் வரை ஆகும். இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் முதலில் வரும், மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்குவது அதற்கு இரண்டு நாள் அளவுக்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் குதிரையை ஒதுக்கிவிட்டால் பக்கத்தில் நின்றவை தப்பிக்க வாய்ப்பு இருக்கிறது. ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த இடைவெளி கையை விட்டுப் போய்விடும்.

அந்த ரிப்போர்ட்டே முதல் தடவை காலை வாரிவிடவும் செய்யும். கிருமி இன்னும் மூக்குக்கு வராத நாளில் மூக்கிலிருந்து மாதிரி எடுத்தால் ‘இல்லை’ என்றுதான் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. உடனே எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி. “இல்லைன்னு வந்துடுச்சே, கொண்டு வந்து கட்டிடலாமா அண்ணே?” என்று பெட்டையைப் பார்த்துக்கொண்ட தம்பி கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, காய்ச்சல் இருக்கிற வரைக்கும் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து எடுத்த மாதிரியில், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில், கிருமி இருப்பது உறுதியானது.

என்ன நோய் என்று தெரியும் வரை இருப்பதிலேயே மோசமானதுதான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். எல்லா நோயும் ஸ்ட்ராங்கிள்ஸ் போல இடைவெளி கொடுக்காது. குதிரைக் காய்ச்சல் எனப்படும் இன்ஃபுளூயன்சா ஒன்று முதல் மூன்று நாளில் வெளிப்பட்டு, இருமல் காற்றிலேயே பரவும். ஈ.எச்.வி-1 என்ற ஹெர்பிஸ் வைரஸ் சினையைக் கலைக்கும், சில குதிரைகளில் நரம்பைத் தாக்கும். காய்ச்சல் வந்த குதிரை பின்னங்கால் தள்ளாடினால், சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், வால் தொங்கினால் அது வேறு கணக்கு, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிளாண்டர்ஸ் இன்னும் மோசம். மூக்குக்குள் புண், தோலில் வரிசையாக முடிச்சு, உடைந்து கசிதல் என்று வரும் அந்த நோய் மனிதனுக்கும் தொற்றி உயிரை எடுக்கக்கூடியது. சந்தேகம் வந்தாலே அரசு கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்வது பல நாடுகளில் சட்டப்படி கட்டாயம். அதனால்தான் முதல் நாளிலிருந்தே கையுறையும் முகக் கவசமும். தைரியசாலி என்று பெயர் வாங்குகிற இடம் இது இல்லை.

சரி, நோயுள்ளதை ஒதுக்கியாயிற்று. மீதிக் குதிரைகளை மூன்று வகையாகப் பிரிக்கச் சொன்னார் டாக்டர். அறிகுறி உள்ளவை சிவப்பு. அதனோடு பயணம் செய்தவை, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தவை, வேலிக்கு மேலே மூக்கோடு மூக்கு வைத்தவை மஞ்சள். எந்தத் தொடர்பும் இல்லாதவை பச்சை. பெட்டையோடு வந்த மற்ற இரண்டும் மஞ்சளுக்குப் போயின. எங்கள் பழைய மட்டக் குதிரை ஒன்றும் கூடவே போனது, புதிதாக யார் வந்தாலும் வேலிப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வருகிற குணம் அதற்கு. கலர் ரிப்பனை ஒவ்வொரு கதவிலும் கட்டிவிட்டோம். வார்த்தையில் சொன்னால் மறந்துபோகும். கதவில் சிவப்பு ரிப்பன் தொங்கினால் யாரும் அனிச்சையாகக் கூடக் கை வைப்பதில்லை.

மஞ்சள், பச்சை இரண்டுக்கும் காலை மாலை இரண்டு வேளையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். குதிரையின் இடுப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் நின்று, வாலை ஒதுக்கி, நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி, குடல் சுவரில் படுமாறு லேசாகச் சாய்த்து வைக்க வேண்டும். லத்திக்குள் குத்திக்கொண்டு நின்றால் அளவு குறைத்துக் காட்டும். ஒவ்வொரு வகைக்கும் தனித் தெர்மாமீட்டர். நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு கிளிப் போட்டு வாலில் மாட்டிவிட்டால் கீழே விழுந்து உடையாது. வேறு ஏதோ வலிக்காக மருந்து சாப்பிடுகிற குதிரை இருந்தால் அதன் எண்ணை நம்ப வேண்டாம். வலி மருந்து காய்ச்சலையும் சேர்த்து அமுக்கிவிடும்.

எண்ணை எழுதித் தொங்கவிட்ட அட்டைதான் எங்களைக் காப்பாற்றியது. மஞ்சளில் இருந்த ஒன்று, தீனியை நன்றாகத் தின்றுகொண்டு, துள்ளிக்கொண்டு, பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருந்தபோதே மாலையில் 39-ஐத் தொட்டது. அன்றிரவே அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டி இடம் மாற்றினோம். சளி அதற்கப்புறம்தான் வந்தது.

தனிமைப்படுத்துவது என்றால் தூரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருமலில் பரவுகிற நோய்க்குத் தூரம் முக்கியம்தான். ஆனால் ஸ்ட்ராங்கிள்ஸ் பெரும்பாலும் நடந்து போவது நம் கையிலும் வாளியிலும். தூரத்தை ஒரே நாளில் ஏற்படுத்திவிடலாம், கையையும் வாளியையும் தினமும் காக்க வேண்டியிருக்கிறது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அதுவரை குதிரை இன்ஃபுளூயன்சாவே எட்டிப் பார்க்காத நாடு அது. வெளிநாட்டிலிருந்து வந்த குதிரைகளை முறைப்படி அரசுத் தனிமை நிலையத்தில்தான் வைத்திருந்தார்கள். சுவர் இருந்தது, காவல் இருந்தது. அப்படியும் வைரஸ் வெளியே போய்ப் பல ஆயிரம் பண்ணைகளைப் பிடித்துக்கொண்டது. விசாரணை நடத்திய முன்னாள் நீதிபதி இயன் கேலினன் 2008-ல் கொடுத்த அறிக்கை, குதிரைகளோடு இருந்துவிட்டுச் சரியாகச் சுத்தம் செய்துகொள்ளாமல் வெளியே போன யாரோ ஒருவரின் உடம்பிலோ உடையிலோ சாமானிலோ அது போயிருக்கவே அதிக வாய்ப்பு என்றது.

அதனால் எங்கள் கவனம் முழுக்க சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருந்தது. சிவப்புக்கு என்று ஒரே ஆள். அவர் மற்ற குதிரைகளைத் தொடக் கூடாது. அவருக்கு விடுப்பு வேண்டிய நாளில் வேறொருவர் போக வேண்டி வந்தால், வரிசை முக்கியம்: முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. சிவப்பை முடித்தவர் குளித்து உடை மாற்றாமல் திரும்பிப் பச்சைப் பக்கம் போகவே கூடாது. வாளி, பிரஷ், தலைக்கயிறு, முள்வாரி, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் சிவப்பு டேப் ஒட்டினோம். வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு மேலங்கி. அவை அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வராது.

தண்ணீர்க் குழாயை யாரும் யோசிப்பதில்லை. ஓஸின் முனையை வாளிக்குள் முக்கித் தண்ணீர் பிடித்துவிட்டு அதே முனையை அடுத்த வாளிக்குள் விட்டால், இரண்டு குதிரைக்கும் ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டியதற்குச் சமம். குளிர்ந்த நிழலில் இருக்கும் தண்ணீரில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஓஸை உயரத்தில் பிடித்து ஊற்றுங்கள், அல்லது தனி ஓஸ் போடுங்கள். கைபேசி இன்னொன்று. கையுறையோடு ஒரு போட்டோ எடுப்போம், பைக்குள் போடுவோம், கையுறையைக் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவோம், மறுபடி அதே போனை எடுப்போம். போனுக்கு வாசலிலேயே ஒரு தட்டு வைத்து, உள்ளே போகிறவர் அதில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாக்கினோம். நாய் உள்ளே போகாமல் கதவின் கீழ்ப்பகுதிக்குப் பலகை அடித்தோம்.

கால் முக்குகிற மருந்துத் தொட்டியைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. மண்ணும் லத்தியும் ஒட்டிய பூட்ஸை அப்படியே அதில் முக்கினால் பிளீச் போன்ற மருந்துகள் வீரியம் இழந்துவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு முக்கினால்தான் பயன். பாதி நாள் அது அழுக்குத் தண்ணீர்த் தொட்டியாகத்தான் நிற்கும். அங்கேயே விடுகிற தனி பூட்ஸ் அதைவிட எவ்வளவோ மேல்.

இதற்கிடையில் பெட்டையின் தாடைக்கு அடியில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் இரண்டு எலும்புக்கும் நடுவே கையில் உருளும் முடிச்சு, கல் மாதிரி கெட்டி, நல்ல சூடு. பிறகு அது அகலமாகி, கழுத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டே நிற்கும்படி ஆனது. தண்ணீரில் வாயை வைத்துக் கலக்கிக் கலக்கி விளையாடும். விழுங்க வலிக்கிறது என்று பார்த்தாலே தெரியும். குடித்ததில் கொஞ்சம் மூக்கு வழியாகத் திரும்பி வரும். டாக்டர் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்றார். கட்டி பழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மருந்து கொடுத்தால் அது பழுப்பதைத் தாமதப்படுத்தும் என்பது அவர் கணக்கு. மூச்சு முட்டுகிற குதிரைக்கும் மிக மோசமாக நலிந்த குதிரைக்கும் அந்தக் கணக்கு மாறும், அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்டால் நடு ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள். உள் தொண்டையில் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கிக் காற்றுக் குழாயை நெருக்கினால், கழுத்தில் துளையிட்டுத்தான் மூச்சு விடவைக்க வேண்டியிருக்கும்.

ஒரு காலையில் கட்டியின் நடுவில் முடி உதிர்ந்து, தோல் மெலிந்து, மஞ்சளாக நீர் கசிந்தது. மறுநாள் உடைந்தது. கெட்டியாக, பாலாடை நிறத்தில் சீழ் கையளவுக்கு வந்தது. குதிரைக்கு அந்த நிமிடமே நிம்மதி, மத்தியானமே தீனித் தொட்டியில் தலை வைத்துவிட்டது. எங்களுக்கு அபாயமான நேரம் அப்போதுதான் ஆரம்பம், ஏனென்றால் அந்தச் சீழில் கிருமி ஏராளமாக இருக்கிறது. தரையில் சிந்தவிடாமல் பழைய துணியில் ஏந்தி எடுத்து, பையில் கட்டி, அப்படியே எரித்தோம். புண்ணை டாக்டர் சொன்னபடி நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவினோம்.

தனியாக நிற்கும் குதிரையின் மனசும் ஒரு வேலைதான். கூட்டத்தோடு வாழ்ந்த மிருகம், ஆள் அரவம் இல்லாத இடத்தில் நிறுத்தினால் நடந்துகொண்டே இருக்கும், கனைத்துக்கொண்டே இருக்கும், தின்னாது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில், மூக்குக்கு எட்டாத தூரத்தில் வேறொரு குதிரை தெரிகிற மாதிரி கதவின் மேல்பாதியைத் திறந்து வைத்தோம். இரண்டாவது குதிரை சிவப்புக்கு வந்ததும் இரண்டுக்கும் பேச்சுத் துணை கிடைத்தது, அந்த மட்டில் லாபம். தீனியை நன்றாக ஊறவைத்துக் கூழாக, தரையோரத்தில் வைத்தோம். தலை தாழ்ந்திருந்தால் மூக்குச் சளி தானாக இறங்கும். வெளியே விடாமல் ஒரே அறையில் நிற்கிற குதிரைக்கு வயிற்று வலி வரும் அபாயம் அதிகம் என்பதால் ஒவ்வொரு நாளும் லத்தி எத்தனை தடவை போட்டது என்றும் அந்த அட்டையிலேயே எழுதினோம். லத்தியைத் தனிக் குவியலாகப் போட்டு மக்கவிட வேண்டும், மற்ற குதிரைகள் மேயும் நிலத்தில் பரப்பக் கூடாது.

குதிரைகளை விட மனிதர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். லாயத்தில் நோய் என்று வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் அன்றைக்கே பக்கத்துப் பண்ணைகளுக்கும், லாடம் அடிப்பவருக்கும், குதிரைகளை அனுப்பி வைத்தவருக்கும், வண்டிக்காரருக்கும் சொல்லிவிட்டோம். எல்லோருக்கும் தெரிந்ததும் ஒரு வசதி, யாரும் கேட்காமல் உள்ளே வரவில்லை. மஞ்சள் வகையில் இருந்த ஒரு குதிரையின் சொந்தக்காரர் மட்டும் வண்டியோடு வந்து நின்றார். “என் குதிரை நல்லாத்தானே இருக்கு சார், இங்கே வெச்சு நோயை வாங்கிக் கொடுக்கணுமா?” என்றார். அவர் கவலை நியாயமானது. ஆனால் நன்றாக இருக்கிறதா, நாளைக்குக் காய்ச்சல் வரப்போகிறதா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 2021-ல் ஸ்பெயினில் வாலென்சியா போட்டியில் ஈ.எச்.வி-1 வந்தபோது, அங்கிருந்து கிளம்பிப் போன குதிரைகள் வழியாக அது மற்ற நாடுகளுக்கும் போனது, அந்தத் தொற்றில் 18 குதிரைகள் செத்தன. இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். காய்ச்சல் அட்டையைத் தினமும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று சொன்னதும்தான் வண்டியைத் திருப்பினார். விவரம் தெரியாமல் இருப்பதுதான் சொந்தக்காரர்களைப் பதற வைக்கிறது.

எப்போது வெளியே விடலாம் என்பதில் அவசரம் கூடாது. புண் ஆறி, சளி நின்று, முடி பளபளத்து, பார்க்கச் சுகமாக இருக்கும் குதிரையும் பல வாரம் கிருமியைக் கக்கும். காதுக்குக் கீழே, தொண்டைக்கு மேலே, இரண்டு பக்கமும் குதிரைக்குக் காற்றுப் பைகள் உண்டு. உள்ளே உடைந்த கட்டியின் சீழ் அங்கே தங்கி இறுகிவிட்டால், பத்தில் ஒரு குதிரை வரைக்கும் மாதக்கணக்கில், சிலது வருடக்கணக்கில், ஒரு அறிகுறியும் காட்டாமல் நோயைச் சுமந்துகொண்டு திரியும். அதனால் மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டு அந்தப் பைகளைப் பார்த்து, கழுவி எடுத்த நீரைப் பிசிஆருக்கு அனுப்புவதுதான் நம்பகமான வழி. அந்த வசதி இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை தொண்டை மாதிரி எடுத்து மூன்றும் ‘இல்லை’ என்று வர வேண்டும்.

பெட்டைக்குச் சுத்தம் என்று வந்தது. கட்டியே உடையாமல் லேசான சளியோடு தப்பித்த இரண்டாவது குதிரைக்குத்தான் ஒரு பக்கப் பையில் சீழ் மிச்சம் இருந்தது. நல்ல வேளையாக அது இன்னும் இறுகவில்லை. டாக்டர் பையைப் பல தடவை கழுவி, பென்சிலின் கலந்த ஜெல்லை உள்ளேயே விட்டார். மறு சோதனை சரியாக வரும் வரை சிவப்பு ரிப்பன் அதன் கதவிலேயே இருந்தது.

அறையைச் சுத்தம் செய்வதற்கும் வரிசை உண்டு. முதலில் படுக்கைப் புல்லை முழுக்க வாரி எடுப்பது, பிறகு சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பது, அலசிக் காய விடுவது, அதற்கப்புறம்தான் கிருமிநாசினி. அதுவும் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். அழுத்தமாகப் பீய்ச்சி அடிக்கும் எந்திரம் வேண்டாம், அது கிருமியைச் சாரலாக்கிப் பறக்க விடும். மரப் பலகைகள்தான் தொல்லை, இடுக்கில் அழுக்கு போகவே போகாது. மிகவும் பழசானவற்றைக் கழற்றி எரித்துவிட்டோம். சாயம் போன தலைக்கயிறுகளும் அதோடு போயின. வெளியே வந்த குதிரைகளை அடுத்த சில வாரம் கண்காணித்தோம். கால்களும் வயிற்றடியும் திடீரென்று வீங்குவதும் ஈறில் ரத்தப் புள்ளிகள் தெரிவதும் இந்த நோய்க்குப் பின்னால் வரக்கூடிய ரத்தக் குழாய் அழற்சியின் அடையாளம். எங்கள் குதிரைகளுக்கு அது வரவில்லை.

இப்போது புதிதாக எந்தக் குதிரை வந்தாலும் அந்த அறையில் 3 வாரம், இரண்டு வேளை காய்ச்சல், வெளியே விடுவதற்கு முன் சோதனை. ஒத்துக்கொள்ளாதவர்களின் குதிரையை எடுத்துக்கொள்வதில்லை. சிவப்பு டேப் ஒட்டிய வாளிகளும் பூட்ஸும் அங்கேயே ஆணியில் தொங்குகின்றன, வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று தம்பி கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.